அக்கா தொடாத வெல்லம்

எங்கள் வீட்டுக் கரும்பு ஆலையை நான் இன்றைக்கும் மனதாரத் திட்டுவேன். முக்கூடல் பக்கத்தில் முதன்முதலில் இரும்பு ஆலை வாங்கியவர்களில் நாங்களும் சேர்த்தி என்று அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். வாங்கும்போதே அது யாரோ ஓட்டி ஓய்ந்த ஆலை என்பதை மட்டும் சொல்ல மாட்டார். மூன்று இரும்பு உருளைகள், மேலே ஒரு நீளக் கட்டை, அதை இழுத்துக்கொண்டு சுற்றிவர ஒரு ஜோடி மாடு. முதல் இரண்டு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. மூன்றாம் வருஷம் மார்கழியில் அது போட்ட கிறீச்சுச் சத்தம் ஆற்றுக்கு அக்கரையில் கேட்டது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். உருளையின் அச்சு உட்காரும் பித்தளை வளையம் தேய்ந்து, நடுவில் இடைவெளி விழுந்துவிட்டது. ஆமணக்கெண்ணெய் விட்டால் விட்ட வேகத்தில் வழிந்து போகும். புது வளையம் போட வேண்டுமென்றால் ஆலையை ஒரு வாரம் நிறுத்த வேண்டும். வெட்டிய கரும்பு காய்ந்துபோகும் என்று அப்பா குதித்தார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எல்லாவற்றுக்கும் என்னிடம் வழி இருக்கிறது என்ற நினைப்பு. பாளையங்கோட்டைக்குப் போய், வண்டி அச்சுக்குத் தடவும் மசையைவிடக் கெட்டியாக ஏதாவது உண்டா என்று ஒரு கடையில் கேட்டேன். சீமை மசை என்று ஒரு தகர டப்பாவை எடுத்துக் கொடுத்தார்கள். பார்க்க வெண்ணெய் மாதிரி இருந்தது. அள்ளி அப்பினேன். சத்தம் நின்றது. அப்பா முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆலை சூடேற ஏற மசை இளகி, உருளையோடு இறங்கிச் சாற்றில் சொட்டியது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். சாறு காய்ச்சும் கொப்பரையில் நுரை எடுக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடும் என்று இருந்துவிட்டேன். முதலில் இறக்கிய வெல்லம் வழக்கம்போலப் பிள்ளையாருக்குப் போனது. அடுத்த உருண்டை, அதுவும் வழக்கம்போல, அக்காவுக்கு.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பதினாறு வயதில் தாலியை இழந்து எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். பகலில் ஒருவேளைச் சோறு, அதிலும் உப்பு புளி பேருக்குத்தான். கல்யாண வீட்டுப் பலகாரம் அவளுக்கு வராது, அவளும் கேட்க மாட்டாள். ராத்திரிக்கு ஒரு துண்டு வெல்லமும் ஒரு செம்புத் தண்ணீரும். நாக்குக்கு என்று அவளுக்கு இருந்த சந்தோஷம் அது ஒன்றுதான். ஆலை ஓடும் நாட்களில் சூடு ஆறாத வெல்லத்தை வாழையிலையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒவ்வொரு கிள்ளாக வாயில் போட்டு, அது கரையும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் மட்டும் அவள் பழைய அக்காவாக இருப்பாள்.

ஆலைக்கு யார் வந்தாலும் ஒரு செம்பு சாறு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் சாறு குடிக்க ஒதுங்கினார். குடித்துவிட்டு, கீழே கிடந்த டப்பாவை எடுத்து அதிலிருந்த இங்கிலீஷைப் படித்தார். அவர் முகம் மாறியது.

"தம்பி, இதை எங்கன வாங்கினிய? மாட்டுக் கொழுப்புன்னுல்லா போட்டிருக்கு. நீங்க சைவக்காரங்களாச்சே."

அப்பாவும் பக்கத்தில்தான் நின்றார். வாத்தியார் போனதும் டப்பாவைத் தன் கையாலேயே வாய்க்கால் கரையில் குழி தோண்டிப் புதைத்தார்.

"பொம்பளையாளுவ காதுல இது விழப்படாது, கேட்டியா?" என்றார்.

ஏதோ சாக்குச் சொல்லி ஐயரை அழைத்து, தீட்டுக் கழிய வீட்டுக்குப் புண்ணியதானம் செய்தார். எல்லோரும் பஞ்சகவ்வியம் குடித்தோம். காய்ச்சி வைத்த வெல்லத்தை யாரும் ஆற்றில் கரைக்கவில்லை; அது வண்டியேறிச் சந்தைக்குப் போனது. வீட்டுப் பானையில் இருந்ததை மாற்றினால் பெண்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும். அதனால் அதுவும் அப்படியே இருந்தது. பொங்கலன்று அப்பா சர்க்கரைப் பொங்கலை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

அக்கா அதைக் கவனித்துவிட்டாள். கை கழுவப் போனபோது பின்னாலேயே கிணற்றடிக்கு வந்தாள்.

"ஏலே, இலையில வச்சது அப்படியே கெடக்கு. ஒடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லக்கா."

"என்கிட்டயா மறைக்க?"

அந்தக் கேள்வியில் நான் உடைந்துபோனேன். டப்பா வாங்கியதிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொல்லி முடித்ததும் மனசு லேசானது. அப்படி லேசானதற்காகத்தான் என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கொழுப்பைத் தடவியது தெரியாமல் செய்தது. சொன்னது தெரிந்து செய்தது. என் பாரத்தை இறக்கி, ஏற்கெனவே அத்தனை சுமந்தவள் தலையில் வைத்தேன்.

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. "அம்மைக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா. வாயத் தொறந்துராத" என்றாள். அன்றைக்கு வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தாள். மறுநாளும் அப்படியே. அம்மா கேட்டதற்குப் பல் கூசுகிறது என்றாள். அந்தப் பல் கூச்சம் அதன் பிறகு தீரவே இல்லை.

திசையன்விளைக்குப் போனபோது நல்ல கருப்பட்டியாகப் பார்த்து வாங்கி வந்தேன். இதில் ஆலையும் இல்லை, மசையும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காய்ச்சுத சட்டியில என்னத்தத் தடவுதாவளோ" என்று சொல்லி, அடுத்த வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டாள். கோபமில்லை. எதையும் நம்ப முடியாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

அடுத்த பருவத்துக்குள் ஜெர்மன் சண்டை வந்து, சீமைச் சாமான் வருவது நின்றுபோனதால் கடையில் புது வளையம் கிடைக்கவில்லை. வீட்டில் உடைந்து கிடந்த ஒரு பித்தளைக் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு கன்னாரிடம் போனேன். ஐந்தே நாளில் உருக்கி வளையம் வார்த்துக் கொடுத்தார். இவ்வளவுதான் வேலை. இதை முந்தின வருஷமே செய்திருக்கலாம். ஆலையைப் பிரித்து, உருளைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, வீட்டில் காய்ச்சிய ஆமணக்கெண்ணெயை விட்டு ஓட்டினேன். சத்தமே இல்லாமல் சுற்றியது.

முதல் வெல்லம் பிள்ளையாருக்குப் போன கையோடு, அக்காவுக்கு வாழையிலையில் வைத்துக் கொண்டுபோனேன். இலையை வாங்கி, முகத்தருகே வைத்து வெகுநேரம் மோந்து பார்த்தாள்.

"நல்ல வாசம்லே."

"ஒரு கிள்ளு போட்டுக்கோக்கா. நானே பக்கத்துல நின்னு காய்ச்சினது."

கிள்ளினாள். வாய்வரை கொண்டுபோனாள். பிறகு கை தாழ்ந்தது. அந்தத் துண்டை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீ தின்னு."

தின்றேன். அது கரையும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இனிக்குதாலே?" என்று கேட்டாள்.