ஆட்டு ரத்தம் கிடைக்காத மாதம்

தேயிலை விலை விழுந்ததில் என் படிப்புக்கு முதல் அடி ஆட்டுக்கறி வழியாக வந்தது. சொன்னால் சிரிப்பார்கள். அப்போது நான் ஊட்டியில் நுண்ணுயிரியல் முதுகலை இரண்டாம் வருடம். குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். எங்கள் லயத்துப் பிள்ளைகளின் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. அதை வளர்க்க ஆட்டு ரத்தம் கலந்த ஜெல்லி ஊற்றிய தட்டு வேண்டும். கிருமி வளர்ந்தால் தன்னைச் சுற்றி ரத்தத்தைக் கரைத்துத் தெளிவாக ஒரு வளையம் போடும். வளையம் தெரிந்தால் பிள்ளைக்கு உடனே மருந்து கொடுக்கச் சொல்லலாம். கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கி, இதயமும் கெட்டுப்போகும்.

ரத்தம் தந்துகொண்டிருந்தவர் எஸ்டேட் பஜாரில் கறிக்கடை வைத்திருந்த மனிதர். ஆட்டை அறுக்கும்போதே நான் கொடுத்த பாட்டிலில் பிடித்து, உறைந்துவிடாமல் இருக்கப் பத்து நிமிடம் குலுக்கித் தருவார். டவுன் கடைகளில் கேட்டபோது நான் ஏதோ செய்வினை வைக்கப் போகிறேன் என்று நினைத்து விரட்டிவிட்டார்கள். பச்சை இலை விலை விழுந்து, எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று ஆனதும் லயத்தில் கறி வாங்குவது நின்றது.

"ஆடு அறுத்தா வாங்கறதுக்கு ஆளு வேணுமுங்களே அம்மிணி. இனிக் கோழி மட்டுந்தானுங்க. கோழி ரத்தம் வேணும்னா சொல்லுங்க, ஒரு வாளி தாரேன்" என்றார் அவர்.

கோழி ரத்தத்தில் வளையத்தை நம்ப முடியாது, அதை வைத்து நான் என்ன செய்வது? பேராசிரியரிடம் போய் நின்றேன். "எப்படியாவது ஏற்பாடு பண்ணிக்கோ" என்றார். எங்கள் துறையில் எந்தக் கேள்விக்கும் அந்த ஒரே பதில்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்குத் தொண்டைவலியும் காய்ச்சலும் வந்தது. ஒன்பது வயதுப் பெண். அக்கா சின்ன வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர், கொழுந்து பறிப்பவர். எஸ்டேட் டிஸ்பென்சரியைப் பூட்டி மாதக்கணக்காகியிருந்தது. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் லீவு. கிடைக்கிற மூன்று நாளில் ஒன்றை விட்டால் அடுத்த வாரம் பெயரையே கூப்பிட மாட்டார்கள் என்று அவருக்குப் பயம்.

"நீ கிருமி படிக்கிற புள்ளதானே, பாத்துச் சொல்லு. இருக்குன்னா லீவு போட்டுக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார்.

மறுநாள் காலையில் அந்தப் பெண்ணின் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். ரத்தம் இல்லை. சரி, என் ரத்தம் இருக்கிறதே என்று கையை நீட்டினேன். வகுப்புத் தோழி ஊசி போட்டு எடுத்தாள். மனித ரத்தம் அவ்வளவு சரிப்படாது என்று புத்தகத்தில் இருந்தது. புத்தகம் எழுதியவருக்கு எங்கள் கறிக்கடைக்காரரைத் தெரியாது. வழக்கமாக ஒரு தட்டில் நிச்சயமாகத் தெரிந்த கிருமியைத் தடவி வைப்போம். அது வளர்ந்தால்தான் தட்டு சரியானது என்று நம்பலாம். அன்று ரத்தம் போதவில்லை. அந்த ஒரு தட்டை விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் பார்த்தேன். வளையம் இல்லை.

"ஒண்ணும் இல்லக்கா, சாதாரணச் சளிதான்" என்றேன். டாக்டர் மாதிரி குரலை வேறு கொஞ்சம் கனமாக்கிக்கொண்டேன். அக்கா வேலைக்குப் போனார்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண்ணின் முழங்கால் வீங்கியது. பிறகு கணுக்கால். அரசு ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். "தொண்டை வலிச்சப்பவே ஏன் காட்டலை?" என்றார்.

"காட்டுனோம் ஐயா, இந்தப் புள்ளகிட்டத்தான். ஒண்ணுமில்லைன்னு சொல்லிச்சு" என்று அக்கா என்னைக் கை காட்டினார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. பெருமையாகவே சொன்னார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

பேராசிரியரிடம் சொன்னபோது, தெரிந்த கிருமியைத் தடவிய தட்டு ஒன்று வைத்தாயா என்று கேட்டார். வைக்கவில்லை என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அன்று பேனாப் பையைக் கொட்டித் தேடும்போது ஒரு காலி மாத்திரை அட்டை விழுந்தது. அதைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. அந்த வாரம் எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக். ரத்தம் எடுத்த அன்று காலையிலும் ஒன்று போட்டிருந்தேன். அந்த மருந்தோடுதான் என் ரத்தம் தட்டுக்குள் போயிருக்கிறது. அதில் எந்தக் கிருமி வளரும்? ஆன்டிபயாடிக் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் நான்தான். அந்த மதிப்பெண் பட்டியலைக் கிழித்துப்போடலாம் போல இருந்தது.

தேயிலை விலையைத் திட்டினேன், பூட்டிய டிஸ்பென்சரியைத் திட்டினேன், ஏற்பாடு பண்ணிக்கச் சொன்னவரைத் திட்டினேன். எல்லாம் நியாயம்தான். ஆனால் மாத்திரையைப் போட்டது நான். தட்டை விட்டதும் நான். அந்தப் பெண்ணுக்கு இனி இதயம் கெடாமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, பல வருடங்களுக்கு.

சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் ஒன்று விடாமல் சொன்னேன். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். ரத்தம், தட்டு, மாத்திரை என்று நான் சொல்லச் சொல்ல அவர் கை நிற்கவில்லை. உள்ளே அந்தப் பெண் காலை நீட்டிப் படுத்திருந்தாள். தைத்து முடித்து, நூலைக் கடித்து அறுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்தப் பல்லு இப்பவும் வலிக்குதா?"

"இல்லக்கா, அந்த மாத்திரையிலேயே சரியாப் போச்சு" என்றேன்.