உறைந்த ஏரியில் ஒரு குடும்பப் படம்

இருபது வருடமாகிறது, பெரியப்பாமேல் எனக்கிருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. அவர் நல்லவர்தான். என் பிறந்தநாளை ஒரு வருடமும் மறந்ததில்லை. ஆனால் அந்த மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. ஒஸ்லோவின் தெற்கு ஓரத்தில், பியோர்ண்டாலில் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் காட்டுப் பாதையில் கால்மணி நேரம் நடந்தால் ஓர் ஏரி. குளிர்காலம் முழுக்க உறைந்து கிடக்கும். அந்த வாரம்தான் ஆசிரியை எங்கள் வகுப்பை அங்கே கூட்டிப்போய், பனிக்கட்டிமேல் எப்படி நடப்பது என்று ஒரு நாள் முழுவதும் பழக்கியிருந்தார். ஓடை வெளியேறும் மூலையில் கால் வைக்கக்கூடாது, கீழே தண்ணீர் ஓடுவதால் அங்கே கட்டி மெல்லியது. ஒருவரோடொருவர் ஒட்டி நிற்கக்கூடாது. வெடித்தால் ஓடாமல் படுத்து, வந்த வழியே ஊர்ந்து திரும்ப வேண்டும். பாரம் குறைந்தவர் முதலில் போக வேண்டும். கழுத்தில் இஸ்பிக்கர் இருக்க வேண்டும். அது கயிற்றில் கோத்த இரண்டு கைப்பிடிகள், முனையில் ஆணி. தண்ணீருக்குள் விழுந்தால் அதைக் குத்திப் பிடித்துத்தான் மேலே ஏற முடியும். இவ்வளவையும் சாப்பாட்டு மேசையில் மூச்சுவிடாமல் ஒப்புவித்தேன். அப்பா புட்டுக்குக் குழம்பு விட்டுக்கொண்டே "ம்" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா குடும்பம் வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரிலிருந்து வந்திருந்தது. அப்பாவை நோர்வேக்குக் கூப்பிட்டு எடுத்தவர் பெரியப்பாதான். அதனால் எங்கள் வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். ஊருக்கு அனுப்ப ஒரு குடும்பப் படம் வேண்டும், ஏரியில் நின்று எடுப்போம் என்றார். எல்லோரும் புறப்பட்டோம்.

என் கழுத்தில் தொங்கிய இஸ்பிக்கரைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன பிள்ளை, இப்பவே தாலி கட்டியாச்சோ?"

அவருடைய மகன்மார், என் அண்ணாமார் இருவரும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

படத்துக்குப் பெரியப்பா தெரிந்தெடுத்த இடம் எது தெரியுமா? ஓடை வெளியேறும் அதே மூலை. வெயில் அங்கேதான் வடிவாக விழுகிறதாம். தானாகவே படம் எடுக்கும் கமெராவைக் கரையோரக் கல்லில் வைத்துவிட்டு, "கிட்ட வாங்கோ, இன்னும் கிட்ட வாங்கோ" என்று எட்டுப் பேரையும் நெருக்கினார். எங்கள் ஆட்களுக்குத் தள்ளி நின்று படமெடுக்கத் தெரியாது. தள்ளி நின்றால் குடும்பத்துக்குள் ஏதோ சண்டை என்று ஊரில் கதை கட்டிவிடுவார்கள்.

"இஞ்சை நிக்கக்கூடாது பெரியப்பா. கீழை தண்ணி ஓடுது. ஒட்டி நிக்கவும் கூடாதாம், டீச்சர் சொன்னவ."

"நான் பதினைஞ்சு வருஷமாத் துரொண்ட்ஹெய்மிலை இருக்கிறன். இவ எனக்கு ஐஸைப் பற்றிப் படிப்பிக்க வந்திட்டா."

அப்பாவைப் பார்த்தேன். அவர் எனக்காக ஒரு சொல் சொல்லுவார் என்று நம்பினேன். "பெரியாக்கள் கதைக்கேக்கை வாய் காட்டாதை" என்று அதட்டி, தோளோடு சேர்த்து என் ஜாக்கெட்டைக் கொத்தாகப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சரியானதைச் சொன்னவளுக்கு ஏச்சு, பிழையான இடத்தில் நிறுத்தியவருக்கு மரியாதை. இது எந்த ஊர் நியாயம்?

படம் எடுபட்டது. அடுத்த கணம் காலுக்குக் கீழே சீலை கிழிவதுபோல ஒரு சத்தம். சப்பாத்துகளைச் சுற்றித் தண்ணீர் ஊறியது. பெரியம்மா "ஐயோ" என்று பெரியப்பாவைக் கட்டிப்பிடித்தார். அம்மா பெரியம்மாவைப் பிடித்தார். பயம் வந்தால் ஒருவரையொருவர் கட்டிப்பிடிக்கத்தானே எங்களுக்குத் தெரியும்.

"ஒருத்தரும் ஓடாதேங்கோ. கையை விடுங்கோ" என்றார் அப்பா. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம், "நீ படு. படுத்து ஊர்ந்து போ. பின்னாலை தம்பியை விடுறன். போ!" என்றார்.

பெரியம்மா வாங்கிவந்த புதுச் சிவப்பு ஜாக்கெட்டோடு, அண்ணாமார் பார்த்திருக்க, பல்லிபோல ஈரத்தில் ஊர்ந்தேன். வாய் காட்டியதற்குத் தண்டனை என்றே நினைத்தேன். எனக்குப் பின்னால் ஐந்து வயதுத் தம்பி, அண்ணாமார், அம்மா, பெரியம்மா என்று ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு வந்தார்கள். பெரியப்பா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கல்லிலிருந்த கமெராவை எடுக்க அவர் மறக்கவில்லை.

கடைசியாக அப்பா. கரைக்குக் கொஞ்சத் தூரம் இருக்கும்போது கட்டி உடைந்து நெஞ்சுவரை உள்ளே போனார். விளிம்பில் கைகள் வழுக்கின. எல்லோரும் கத்தினார்கள், ஒருவரும் அசையவில்லை. நான் கழுத்திலிருந்ததைக் கழற்றிக் கட்டிமேல் வழுக்கிவிட்டேன். அப்பா அதை எட்டிப் பிடித்து, ஆணிகளை மாறி மாறிக் குத்தி, காலை உதைத்து வெளியே வந்தார். அவருடைய உதடுகள் நீலமாக இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் ஏசியது ஜாக்கெட் ஊத்தையானதற்கு. பெரியப்பா தேத்தண்ணியைக் குடித்தபடி தொலைபேசியில் யாருக்கோ, "நான்தான் எல்லாரையும் ஒவ்வொருத்தரா அனுப்பினனான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு அதைக் கேட்டிருந்தார். பிள்ளை சொன்னது சரி என்று அந்த வீட்டில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

போன குளிர்காலம் துரொண்ட்ஹெய்முக்குப் போனபோது பெரியப்பா வீட்டு வரவேற்பறையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். எல்லோரும் கமெராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் உம்மென்று நிற்கிறேன். அப்பா மட்டும் குனிந்து காலடியைப் பார்க்கிறார். கட்டி அப்போது இன்னும் வெடிக்கவில்லை. அப்படியென்றால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. சாப்பாட்டு மேசையில் நான் சொன்னதையெல்லாம் கேட்டுத்தான் இருந்திருக்கிறார். தெரிந்தும் அண்ணனுக்கு எதிராக வாய் திறக்கவில்லை. அவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது.

அவருடைய ஒரு கை என் ஜாக்கெட்டைக் கொத்தாகப் பிடித்திருக்கிறது. வாய் காட்டியதற்காகப் பிடித்தார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். மற்றக் கை தம்பியின் ஜாக்கெட்டையும் அதேபோலப் பிடித்திருக்கிறது. தம்பி அன்று ஒரு சொல்லும் பேசவில்லை.