பண்ணையாரின் திருவாதிரை

என் வேலைக்கு ஆபத்து என்பதைச் சொன்னது திருவாதிரைக் களிதான். வருஷா வருஷம் பண்ணையார் வீட்டிலிருந்து வரும் களி, அந்த மார்கழியில் வரவில்லை.

பிரெஞ்சுத் துரைத்தனக் காலம். பாகூர் கொம்யூன் வட்டாரத்தில் ஒரு கிராமப் பள்ளியில் நான் தற்காலிக வாத்தியார். நிரந்தரமாக வேண்டுமென்றால் பண்ணையார் என்னைப் பற்றிப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்தரிடம் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். பள்ளிக் கட்டடமே அவருடையது.

ஊராருக்கு வானசாஸ்திரப் பிரசங்கம் செய்யச் சொல்லியிருந்தார் இன்ஸ்பெக்தர். செய்தேன், வினை வந்தது. வானத்தில் தூசியும் வாயுவும் கலந்த மேகங்கள் உண்டு. அவை தம் பாரத்தாலேயே சுருங்கிச் சூடேறி நட்சத்திரமாகின்றன. சரக்கு அதிகம் சேர்ந்தால் பெரிய நட்சத்திரம், ஆனால் ஆயுசு குறைவு, கரும்பாலையில் பெரிய அடுப்பு சக்கையைச் சீக்கிரம் தின்றுவிடுவதுபோல. இதோடு நிறுத்தியிருக்கலாம். கிழக்கே கையை நீட்டி, "அதோ சிவப்பாகத் தெரிகிறதே திருவாதிரை, அதற்குக் கடைசிக் காலம்" என்றேன்.

பண்ணையாருக்கு ஜன்ம நட்சத்திரம் திருவாதிரை. எனக்கென்ன ஜோசியமா தெரியும்?

களி வராததால் நானே போய் நின்றேன்.

"வாய்யா வாத்தியாரே! ஊரக் கூட்டிவெச்சி எனக்கு நாள் குறிக்கிறியா? எம் பொஞ்சாதி சோறு துன்னாம அழுவுறா!"

"ஐயா, அது அணைய இன்னும் ஆயிரமாயிரம் வருஷம் ஆகும்."

"அப்புறம் இன்னாத்துக்குக் கடைசிக் காலம்னு சொன்ன? இன்ஸ்பெக்தர் தொர வராரு. இன்னொருவாட்டி பேசு. சாவு பேச்சே எடுக்காத."

தலையெழுத்தே என்று ஒப்புக்கொண்டேன். இந்த முறை பிறப்பு மட்டும்தான். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே மங்கலாகத் தெரியும் புகையைக் காட்டி, "அந்த மேகத்துக்குள் பெரிய பெரிய நட்சத்திரங்கள் பிறக்கின்றன" என்றேன். பண்ணையார் முகம் மலர்ந்தது. அப்பாடா என்றிருந்தது.

"பேஷ்! அது இன்னா நட்சத்திரத்துல பொறக்குது?"

நட்சத்திரத்துக்கே ஜன்ம நட்சத்திரம்! சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. பக்கத்தில் இன்ஸ்பெக்தர், பொய் சொல்ல வழியில்லை.

"பஞ்சாங்கப்படி அந்த இடம் மிருகசீரிடம், ஐயா."

தேர்தல் தோறும் பண்ணையாரை எதிர்த்து நிற்கும் பங்காளி, பின்வரிசையில் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "நம்ம நட்சத்திரந்தான்!" என்றார், பல்லெல்லாம் தெரிய.

பண்ணையார் என் பக்கம் திரும்பினார். "ஏன்யா, என் நட்சத்திரம் சாவுது, அவன் நட்சத்திரத்துல கொயந்த பொறக்குதா?"

வில்லியனூர்ப் பக்கம் வேறொரு பள்ளி கிடைத்தது. மறுபடியும் தற்காலிகம்.

இளம் ஆசிரியர்களே, வானத்தைப் பற்றிப் பேசுமுன் தலைமை தாங்குபவரின் நட்சத்திரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். மொத்தம் இருபத்தேழுதான். மற்ற வானமெல்லாம் நம்முடையது.