ஊசிக்கும் உறக்கத்துக்கும் நடுவே

மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர்களுக்குப் பொறுமை கிடையாது என்று ஒரு பெயர் உண்டு. என் விஷயத்தில் அது சரிதான். காரைக்குடியில் ஒரே காலையில் மூன்று மருத்துவமனைகளுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

தசைகளைத் தளர்த்தும் மருந்து பிடிக்க மூன்று நிமிடம் போல ஆகும். அதுவரை மூச்சுக்குழாய்க்குள் குழாயைச் செருக முடியாது. சாப்பிட்டுவிட்டு வந்த நோயாளி என்றால், அதற்குள் சாப்பாடு மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். இதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. மொத்த மருந்தில் பத்தில் ஒரு பங்கை நோயாளி விழித்திருக்கும்போதே போட்டுவிட வேண்டும். சில நிமிடம் கழித்துத் தூக்க மருந்தோடு மீதியைப் போட்டால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். சிலருக்கு அந்தச் சிறு பங்கே அதிகமாகிவிடும் என்பதும் எனக்குத் தெரியும்.

அன்று வந்தவர் கல்லல் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியை. குடலிறக்கம் சிக்கிக்கொண்டதால் உடனே அறுவை செய்தாக வேண்டும். வலி அடங்கட்டும் என்று வீட்டில் கஞ்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒரே நிமிடத்தில் பிடிக்கிற மருந்து ஒன்று உண்டு. ஆனால் அது அவர் தம்பியின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்த மருந்து. அவருக்கும் ஆகாமல் போகலாம். அதனால் குறுக்கு வழியில் இறங்கினேன்.

மேசையில் படுத்ததும் அவர் வாய்விட்டு ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார். சிறு பங்கைப் போட்ட பிறகு நோயாளியைப் பேசவைத்துக்கொண்டே இருப்பது என் வழக்கம். குரல் குழறினால் மருந்து அதிகம் என்று தெரிந்துவிடும். ஜெபிக்கிறவரிடம் போய் என்ன பேசுவது என்று அன்று விட்டுவிட்டேன். ஊசி என்ன செய்யும் என்றுகூட அவரிடம் சொல்லவில்லை.

சிறு பங்கைப் போட்ட ஒரு நிமிடத்தில் குரல் தேய்ந்து நின்றது. இமைகள் தாழ்ந்தன. உதடு மட்டும் லேசாக அசைந்தது. மனதுக்குள் ஜெபிக்கிறார் என்று நினைத்தேன். தட்டில் கத்தரிகளை அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸிடம், ஜெபம் முடியட்டும், சத்தம் வேண்டாம் என்றேன். என் பண்பை நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

அவர் முகத்தில் வைத்திருந்த ஆக்ஸிஜன் முகமூடியோடு இணைந்த மூச்சுப் பை அசையாமல் கிடந்ததைக் கண்டபோதுதான் அவருக்கு மூச்சு இல்லை என்று புரிந்தது. தூக்க மருந்தையும் மீதியையும் செலுத்திக் குழாயைச் செருகினேன். அறுவை நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் வார்டுக்குப் போய், ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் கேட்டேன். அவர் குரலில் கோபம் இல்லை.

“நடு ஜெபத்துல நாக்கு நின்னுபோச்சு. மூச்சை இழுக்க முடியலை. அதுக்கப்புறம் நான் ஜெபம் பண்ணலை டாக்டர். உங்களைத்தான் கூப்பிட்டுக்கிட்டே கெடந்தேன். நீங்க அந்த நர்ஸம்மாவச் சத்தம் போட வேணாம்னு சொன்னீக.”