சண்டைக்கார சிஸ்டர் தோற்ற சண்டை

சண்டைக்கார சிஸ்டர் வாயைத் திறந்தால் மாதாகோவில் கோபுரத்துப் புறாக்கள் பறந்துபோய் அடுத்த ஊரில்தான் முட்டையிடும். சரி, சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியாயிற்று, அடுத்த தெருவில். ஆனால் அவரை வாய்ச்சண்டையில் ஜெயித்த ஆள் கிடையாது என்பதில் மட்டும் கலப்படமில்லை.

சந்தைக்குப் பின்புறம், லாரிகள் திரும்புகிற சந்தில் இருந்தது அந்தக் கன்னியர் மடம். காலையில் பின்கதவு திறந்ததும், ராத்திரியெல்லாம் நடைபாதையில் படுத்து எழுந்தவர்கள் உள்ளே வந்து நீள பெஞ்சில் உட்காருவார்கள். குளிக்க வெந்நீர், மாற்றுத்துணி, முடிவெட்டு, புண்ணுக்கு மருந்து. சாயங்காலம் ஜெபம், அதன் பிறகு ரொட்டியும் சூப்பும். புண் இலாகா சண்டைக்கார சிஸ்டருடையது.

பெஞ்சின் கோடியில் எப்போதும் மகாராஜா. ஒரு காலத்தில் சந்தையில் மூட்டை சுமந்தவர்; இப்போது அவர் ராஜ்ஜியத்தில் மிச்சமிருந்தது ஒரு கம்பளியும் ஒரு அதட்டலும். கண் பார்வை போய்விட்டது. சர்க்கரை வியாதி தந்த புண் ஒன்று வலது பாதத்தில் ஆறாமல் கிடந்தது. யார் கை பட்டாலும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார், கைத்தடியையும் ஒரு சுழற்றுச் சுழற்றுவார். அதற்கு சிஸ்டர் கண்டுபிடித்த மயக்க மருந்துதான் சண்டை.

"வந்துட்டியா பிசாசே?"

"பிசாசுக்கு உங்க காலைத் தொட அருவருப்பா இருக்காம். அதான் என்னை அனுப்பி வச்சுது. நீட்டுங்க!"

அவர் பதிலடியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பழைய துணி கழன்றிருக்கும். அவர் திட்டித் தீர்க்கும்போது புதுக் கட்டு போட்டாகியிருக்கும்.

அந்த மடத்தில் மாற்றல் என்று வாயால் சொல்லும் வழக்கமில்லை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு பழுப்புப் பெட்டி உண்டு. எந்த சிஸ்டரின் அறை வாசலில் அதை மதர் வைக்கிறாரோ, அந்த சிஸ்டர் துணிமணிகளை மடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒருநாள் காலை ஜெபம் முடிந்து வந்த சண்டைக்கார சிஸ்டர் அந்தப் பெட்டியில் இடறினார்.

போவது பற்றி அவருக்குக் கவலையில்லை. மகாராஜாவின் கால்தான் கவலை. கொஞ்சநாள் கவனிக்காமல் விட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சண்டைக்கார சிஸ்டருக்குப் பதிலாகப் புண் இலாகாவுக்கு வரவிருந்த பூனை சிஸ்டருக்கோ பஞ்சு மாதிரிக் கை, குரலும் பஞ்சு மாதிரி. ஒருமுறை மகாராஜாவின் அருகில் போய் "ஐயா" என்று கூப்பிட்டதற்கே, "யாரது, என் சாவுக்கு ஜெபம் சொல்ல வந்தவளா?" என்று காலைக் கம்பளிக்குள் சுருட்டிக்கொண்டார்.

ஆகவே, பாத்திரம் கழுவுகிற இடத்தில் திட்டுப் பயிற்சி தொடங்கியது.

"எங்கே, திட்டு பாப்போம்."

"ஐயா... நீங்க கொஞ்சம் பிடிவாதக்காரர்."

"இது திட்டா? நற்சான்றிதழ்!"

குழம்பித் தவித்த பூனை சிஸ்டர், கடைசியில் சண்டைக்கார சிஸ்டர் சொல்லிக்கொடுத்த வசவுகளை எல்லாம் மனப்பாடம் செய்வதென்று முடிவெடுத்தார். நடக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. பாவம், மனப்பாடம் செய்ய அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழிதான் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

புறப்படும் காலை வந்தது. வாசலில் வண்டி. மகாராஜாவிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது என்று ஏற்பாடு. தெரிந்தால் காலை நீட்டமாட்டார். சண்டைக்கார சிஸ்டரின் தடதடக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு பூனை சிஸ்டர் பெஞ்சின் முன் மண்டியிட்டார். கதவுத் திரைக்குப் பின்னால் சண்டைக்கார சிஸ்டர், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு.

"முள்ளம்பன்றித் தலையரேஏஏ..." என்று ஆரம்பித்தார் பூனை சிஸ்டர். ராகத்தோடு வந்தது. சாயங்கால ஜெபத்தில் புனிதர்களை வரிசையாகக் கூப்பிடுகிற மன்றாட்டு மாலையின் அச்சு அசல் ராகம்!

சூப்புக்கு முன்னால் தினமும் அந்த மாலையைக் கேட்டுப் பழகிய பெஞ்சு அல்லவா? பழக்க தோஷம். ஒரே குரலில் பதில் வந்தது: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

பூனை சிஸ்டருக்கு முகம் வெளிறிப்போனது. ஆனால் மனப்பாடம் நடுவில் நிற்குமா?

"ஊரை அதட்டும் உதவாக்கரையேஏஏ..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"கழுவாத காலின் அரசரேஏஏ..."

இம்முறை பதிலில் மகாராஜாவின் கட்டைக்குரலும் சேர்ந்துகொண்டது. பிறகு சிரிக்கத் தொடங்கினார். கம்பளி குலுங்க, இருமல் வர, கைத்தடி கை நழுவி விழச் சிரித்தார். "இன்னும் சொல்லு தாயி, மோட்சத்துக்கே போயிட்ட மாதிரி இருக்கு!" சிரிப்பில் கால் தானாக நீண்டது. பஞ்சுக் கை புண்ணைத் துடைத்தது, மருந்து வைத்தது, கட்டத் தொடங்கியது.

திரைக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு இறங்கியது. நெஞ்சிலிருந்து பாறாங்கல் உருண்ட மாதிரிதான். ஆனாலும் பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுமே, அப்படி ஒன்றும் கூடவே இருந்தது. சண்டைக்கார சிஸ்டர் சத்தமில்லாமல் வாசல் பக்கம் திரும்பினார்.

"ஏய் சண்டைக்காரி! கண்ணுதான் போச்சு, காது போகலை. திரைக்குப் பின்னாடி மூச்சு விடுறது யாரு, எருமையா?"

வேறு வழியில்லை. வெளியே வந்தார்.

"பெட்டி வச்சுட்டாங்களா?" என்று கேட்டார் மகாராஜா. அந்தப் பெட்டியின் அர்த்தம் பெஞ்சுக்குத் தெரியாதா என்ன?

"வச்சுட்டாங்க."

"இந்தப் பொண்ணு கை பரவாயில்லை. திட்டுதான் சாம்பிராணி வாசனை அடிக்குது. பழகிக்கிறேன், போ."

"பழகிக்கலைன்னா பாருங்க, நான் எந்த மூலையில இருந்தாலும் வந்து, உங்க காலை..." என்று ஆரம்பித்த குரல் பாதியில் நின்றது.

"என்ன, அழுறியா?"

"நானா? உங்களுக்காகவா? ரொம்பத்தான் ஆசை! அந்த மருந்து நெடி கண்ணைக் கரிக்குது, அவ்வளவுதான்."

மகாராஜா தீர்ப்புக் கேட்கிறவர் போல, தன் கால்மாட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பினார். பொய் சொல்லத் தெரியாத பூனை சிஸ்டர், கட்டின் நுனியைச் செருகிக்கொண்டே, ராகம் எதுவும் இல்லாத தன் சொந்தக் குரலில் சொன்னார்:

"அழுறாங்க ஐயா. கண்ணீர் மூக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு."