ஹார்ப்பர் என்று எழுதிய கல்லறைகள்

அருள் அண்ணா, அருள் ஹார்ப்பர், உன்னைப் புதைத்து இன்றோடு நாற்பது நாள்.

நம் கொள்ளுத்தாத்தா ஞானஸ்நானம் வாங்கியபோது, தான் சமைத்துப் போட்ட துரையின் குடும்பப் பெயரையும் சேர்த்து வாங்கிக்கொண்டாராம். அந்த வீட்டிலிருந்து நமக்கு வந்தது அது ஒன்றுதான். ராயபுரம் குழாயடியில் உன்னைப் பார்த்தால், "இன்னா தொர, கஞ்சி குட்ச்சியா?" என்பார்கள். ஹார்பரில் மூட்டை தூக்கிவிட்டு வந்த நீயும், "பட்லரு இன்னும் வரலபா" என்று குடத்தை நகர்த்துவாய்.

எனக்கு எட்டு வயதிருக்கும். நைனா இறந்த பிறகு வந்த முதல் கல்லறைத் திருநாள். எல்லாரும் அவரவர் கல்லறையைக் கழுவிப் பூப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நைனாவுக்கு நான்தான் ஏற்றுவேன் என்று ஒரு மெழுகுவர்த்தியைப் பாவாடையில் முடிந்துவைத்திருந்தேன்.

கல் வைக்க வசதியில்லாதவர்களைப் புதைக்கும் மதில் ஓரமெல்லாம் மழையில் புல் மண்டிக் கிடந்தது. என்னை நிற்கச் சொல்லிவிட்டு அங்கே மூன்று சுற்று சுற்றினாய். திரும்பி வந்து, என் கையைப் பிடித்து முன்பக்கத்துப் பழைய கல்லறைகளுக்கு அழைத்துப்போனாய். இங்கிலீஷில் உனக்கு நம் பெயரை மட்டும்தான் படிக்கத் தெரியும். மற்றதைக் காவல்காரரிடம் கேட்டுக்கொண்டாய்.

"இவரு கப்பல் கேப்டன். அவரு டாக்டரு. அந்தா, அவரு ஜட்ஜி. அல்லாம் ஹார்ப்பருங்கதான். நம்ம ஆளுங்க."

"நைனா எங்க?" என்றேன்.

"இவங்களோடதான் கீறாரு. இங்கியே ஏத்து."

கேப்டனின் கல்லில் ஏற்றினேன். காற்றுக்கு நீ கையை அணைகொடுத்தாய். காவல்காரர் சிரித்துக்கொண்டே, வெள்ளைக்காரன் உனக்கு என்னடா முறை என்று கேட்டார்.

"பெரிப்பா" என்றாய். நீ சிரிக்கவில்லை.

அதன் பிறகு வருஷா வருஷம் அங்கேதான் ஏற்றினோம். ஜட்ஜு எங்கள் பெரியப்பா என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றதால் அந்தப் பெருமை அங்கேயே நின்றுபோயிற்று.

நேற்று உன்னைப் பார்க்க வந்தேன். நட்ட மரச்சிலுவை ஒரு மழைக்கே சாய்ந்திருந்தது. பெயர் பாதி அழிந்துவிட்டது. மதில் ஓரத்தில் அன்று நீ எதைத் தேடினாய் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இதைப் படிக்கிறவர்களே, எங்கள் அண்ணனுக்காக ஒரு ஜெபம் சொல்லுங்கள். திருநாளன்று இடம் தெரியாவிட்டால், ஹார்ப்பர் என்று எழுதிய எந்தக் கல்லிலாவது ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, அருளுக்காக என்று சொல்லுங்கள். கேப்டன் கோபித்துக்கொள்ள மாட்டார்.