ஆறு பொட்டு

எங்கள் வீட்டில் எல்லோரையும்விட வயதில் மூத்தது அந்த எலெக்ட்ரிக் கிட்டார்தான். அப்பா பிறப்பதற்கு முன்பே ஜப்பானில் செய்தது. சென்னையில் யாரோ ஒருவர் வாசித்து, அவருக்கு வயதாகி, பல கை மாறி உத்திரமேரூருக்கு வந்து சேர்ந்திருந்தது. மங்கிப்போன சிவப்பு நிறம். வலது கை உரசும் இடத்தில் பெயின்ட் உரிந்து மரம் தெரியும். அப்பா வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் எடை போடுகிறவர்; கச்சேரி நாட்களில் மட்டும் மெல்லிசைக் குழுவின் கிட்டார்காரர். மில்லில் அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. மேடையில் பேசவே தேவையில்லை என்பதால் அங்கே அவருக்கு நல்ல பெயர்.

எனக்கு அந்தக் கிட்டாரைப் பிடிக்காது. அதுதான் அப்பாவை வெளியே அழைத்துக்கொண்டு போகிறது என்பது என் எண்ணம். அம்மா இருந்தவரை இது எனக்கு உறைக்கவில்லை. அம்மா இறந்த வருஷம் எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டைத் திறந்து, காலையில் வடித்த சோற்றைத் தின்றுவிட்டு, டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பார்ப்பதற்காக இல்லை. வீட்டில் நாலு பேர் இருப்பதுபோல வெளியே கேட்க வேண்டும், அவ்வளவுதான். கச்சேரி என்றால் எதிர்வீட்டு அத்தை வீட்டில் எனக்குப் படுக்கை. அத்தை நல்ல மனுஷிதான். ஆனால் அவருடைய பெண்கள் இரண்டு பேரும் பாயில் எனக்கு ஓரத்தைத்தான் விடுவார்கள்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்குத் தெருவே குளித்து முழுகி நின்றது. டிராக்டர், சைக்கிள், மாவு மெஷின், பம்ப்செட் எல்லாமே சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தன. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது என்று அத்தை முதல் நாளே சொல்லிவிட்டார். அப்பா மில்லில் மெஷின்களைத் துடைக்கப் போயிருந்தார். எங்கள் வீட்டுக் கிட்டார் மட்டும் மூலையில் சாய்ந்தபடி வெறும் நெற்றியோடு நின்றது. பிடிக்காத பொருள்தான் என்றாலும் அன்றைக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. போன வருஷம் வரை அதற்குப் பொட்டு வைத்தவள் அம்மா.

அலமாரியில் அம்மாவின் சந்தனப் பொடியும் குங்குமச் சிமிழும் வைத்தது வைத்தபடி இருந்தன. அம்மா சந்தனத்தைக் கெட்டியாகக் குழைப்பாள். எனக்கு மோர் மாதிரி வந்தது. கிட்டாரில் எந்த இடத்தில் வைப்பாள் என்பதும் நினைவுக்கு வரவில்லை. தந்திகளுக்கு அடியில் கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி. அதன்மேல் தந்திக்கு ஒன்றாக ஆறு இரும்புப் புள்ளிகள். பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல வரிசையாக இருந்தன. ஆறிலும் சந்தனம் வைத்து, ஆறிலும் குங்குமம் வைத்தேன்.

அப்பா வந்ததும் அதைப் பார்த்தார். யார் வைத்தது என்று கேட்கவில்லை. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார். கிட்டாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு துண்டைத் திரும்பவும் தோளிலேயே போட்டுக்கொண்டு, “நல்லாக் கீதும்மா” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். கொண்டாடக்கூடாத வருஷத்தில் கொண்டாடியதற்குத் திட்டு விழவில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

தை பிறந்ததும் கிட்டார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில் சத்தம் மெலிந்தது. பிறகு விட்டு விட்டு வந்தது. மாசியில் புள்ளலூர் பக்கம் ஒரு கச்சேரியில், பாட்டின் நடுவில் அடியோடு நின்றுபோனது. குழுத் தலைவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அப்பாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கீபோர்டிலேயே கிட்டார் சத்தமும் வருகிறது, பங்குனி உத்திரத்துக்குள் சரி செய்ய முடிந்தால் வாருங்கள், முடியாவிட்டால் பரவாயில்லை என்று தன்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். பரவாயில்லை என்ற வார்த்தையை அப்பா எங்களிடம் வந்து இரண்டு முறை சொன்னார். எங்களிடம் என்றால் என்னிடமும் அத்தையிடமும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாட்களில் எனக்கு ஒரே கொண்டாட்டம். மில் விட்டதும் அப்பா நேராக வீட்டுக்கு வந்தார். உப்புமா கிண்டினார். என் கணக்கு நோட்டைப் பார்த்து மலைத்தார். டிவியை நான் அணைத்தே வைத்திருந்தேன். கிட்டார் சரியாகக்கூடாது என்று சாமியிடம் வேண்டியும் கொண்டேன். சாப்பிட்டதும் அப்பா அதை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார், ஒயர் எதையும் மாட்டாமல். அந்தக் கிட்டாருக்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது. அவர் ஒரு பாட்டை முழுக்க வாசித்து முடிப்பார். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும் எனக்குக் கொசு பறப்பதுபோலத்தான் கேட்கும்.

கோளாறு எங்கே என்று அவர் ஒவ்வொன்றாகத் தேடினார். கேபிளின் ஒரு முனையை சத்தத்தைப் பெருக்கும் ஆம்பில் செருகி மறுமுனையை விரலால் தொட்டார். ஸ்பீக்கர் ‘ம்ம்’ என்று உறுமியது. அப்படியென்றால் ஆம்பும் கேபிளும் நன்றாக இருக்கின்றன. அடுத்த நாள் கிட்டாரின் மூடியைக் கழற்றி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைச் சுத்தம் செய்து, பற்றவைத்த இடங்களையெல்லாம் மறுபடி பற்றவைத்தார். அப்போதும் பலனில்லை. கடைசியில் ஸ்க்ரூ டிரைவரால் அந்த ஆறு புள்ளிகளையும் தட்டினார். தட்டினால் ஸ்பீக்கரில் டக் டக்கென்று கேட்க வேண்டுமாம். ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கறுப்புப் பெட்டிக்குப் பெயர் பிக்கப் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். புள்ளிகள் ஆறும் காந்தங்களாம். அவற்றைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று ஓடுகிறதாம். தந்தி அதிர்வது காந்தத்துக்குத் தெரிந்து, காந்தத்திடமிருந்து கம்பிக்குப் போய், அங்கிருந்து ஸ்பீக்கருக்குப் போகிறதாம். மில் எலெக்ட்ரீஷியனிடம் வாங்கி வந்த மீட்டரின் இரண்டு முனைகளையும் பிக்கப்பின் இரண்டு ஒயர்களில் வைத்தார். மீட்டரில் ஓரமாக ‘1’ என்று மட்டும் வந்தது. ஒன்று வந்தால் நல்லதுதானே என்று கேட்டேன்.

“ஒன்னுன்னா உள்ள எங்கியோ அறுந்து போச்சுன்னு அர்த்தம்மா. இந்தப் பக்கம் பேசறது அந்தப் பக்கம் போவல.”

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற ஒருவர் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பிக்கப்பை ஒரு டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் போனோம். யானை சைஸ் மோட்டார்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அந்தச் சுண்டுவிரல் நீளப் பொருளை அவர் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேல் சுற்றுகளைப் பிளேடால் வெட்டி எடுத்தார். மேலே கம்பி பளபளவென்றிருந்தது. உள்ளே போகப் போக நிறம் கெட்டது. காந்தங்களை ஒட்டிய கடைசிச் சுற்றுகளில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. களிம்போடு மஞ்சளாகவும் சிவப்பாகவும் ஏதோ ஒட்டியிருந்தது. அவர் நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

“இன்னா வாத்தியாரே, உள்ள சந்தனம் கீது? தண்ணியா எறங்கி காந்தத்தோரமா ஊறிக்கினு கம்பியைத் தின்னுட்ச்சு. மோட்டாருன்னா இரும்பு, எத்தினி பொட்டு வெச்சாலும் தாங்கும். இதுக்குப் போயி எவன் வெச்சான்?”

கிட்டார் சரியாகக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது மாசியில். ஆனால் அதற்கு முன்பே என் கையாலேயே அதைக் கொன்றிருக்கிறேன். அப்பா என் பக்கம் திரும்பவேயில்லை.

“திருவிழா மேடையில யாராச்சும் வெச்சிருப்பாங்க” என்றார்.

அப்பாவுக்கு ஆயுத பூஜை மறந்துபோயிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். நோட்டில் கையெழுத்துப் போடவே மறந்துபோகிற மனிதர்தானே. கடையில் ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவ்வளவு மெல்லிய கம்பி அவரிடம் இல்லை. சென்னைக்குச் சொல்லி அனுப்பி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடையில் சின்னதாக ஒரு மெஷின் இருந்தது; கைப்பிடியைச் சுற்றினால் காயில் சுழலும். எத்தனை சுற்று என்று அதுவே எண்ணிக் காட்டும். கம்பியை இரண்டு விரலுக்கு நடுவில் லேசாகப் பிடித்து, இறுக்கமும் இல்லாமல் தொய்வும் இல்லாமல் விட வேண்டும். கடைக்காரர் சுற்ற, அப்பா பிடித்தபோது இரண்டு முறை அறுந்தது. வருஷக்கணக்காகத் தந்தி அழுத்தி அவருடைய விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன. கம்பி இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. “நீ புடிம்மா” என்றார்.

பிடித்தேன். காந்தங்களை இந்த முறை டேப்பால் மூடியிருந்தார்கள். கைப்பிடி சுற்றச் சுற்ற என் விரல்களுக்கு நடுவில் அது ஓடியது. பார்த்தால் தெரியாது, கூச்சம் மட்டும்தான் தெரியும். விரலைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், அறுந்துவிடும். மிச்சமிருந்த கம்பி ஒரு தடவைக்குத்தான் வரும்; அறுந்தால் அப்பா பங்குனி உத்திரக் கச்சேரிக்குப் போக முடியாது. அந்த எண்ணம் வராமல் இல்லை. ஆனால் அப்பா என் கையை அல்ல, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிரில் குந்தியிருந்தார். எட்டாயிரம் சுற்று ஆகும்வரை நான் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன்.

மெழுகை உருக்கி அதில் முக்கி எடுத்து, வீட்டுக்கு வந்து பொருத்தினார். ஸ்க்ரூ டிரைவரால் தட்டியதும் ஸ்பீக்கர் டக்கென்றது. ஒரு தந்தியை மீட்டினார். வீடு முழுக்க நிறைந்தது. அப்பா சிரித்ததை அந்த வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். பங்குனி உத்திரத்துக்கு அவர் போனார். நான் அத்தை வீட்டுப் பாயின் ஓரத்துக்குப் போனேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டிலும் பண்டிகை உண்டு. கதவுக்கும் டிவிக்கும் வைக்க நான் சந்தனப் பொடியை எடுக்கப்போனபோது அப்பா பீரோவிலிருந்து ஓர் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு, மெரூன் நிறம், பாதி தீர்ந்தது.

“இதுல ஈரம் கெடையாது. ஆறுலயும் வெய்யி” என்றார்.

காயில் கடைக்காரர் சொன்னதற்காக ஈரம் வேண்டாம் என்கிறார் என்று மட்டும் நினைத்துக்கொண்டு ஒட்டினேன். அவருக்கு எதுவும் மறக்கவில்லை என்பது புரிய எனக்குப் பல வருஷம் ஆனது. அந்த ஆறு புள்ளிகளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது, நான் முதல் பொட்டு வைத்த அன்றைக்கே அவருக்குத் தெரியும். அவர் வந்தபோது சந்தனம் காயவில்லை. ஒரு துடைப்பில் போயிருக்கும், துண்டும் கையில்தான் இருந்தது.